வாசலில் நிற்கும் கூர்க்கா

இரவெல்லாம் விசில் ஊதிக் காவல் காத்து, மாதப் பிறப்பில் நம் வாசலில் வந்து நிற்கும் கூர்க்காவை "அப்புறம் வா" என்று விரட்டுவது படாளம் போன்ற சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்டது. நம் தந்தையின் வயதினராயினும் 'வா, போ'தான்!

அவருடைய நேபாளி மொழியோ மரியாதையை வினைச்சொல்லிலேயே வைத்திருக்கிறது. 'தயவுசெய்து' என்னும் தனிச்சொல் அன்றாடப் பேச்சில் வேண்டுவதில்லை. நம் உட்கார், உட்காரும், உட்காருங்கள் போல அங்கே பஸ், பஸ, பஸ்னுஸ். இறுதியில் 'ந' சேர்த்தால் ஏவல் கனிந்து வேண்டுகோளாகிவிடும்.

விளிப்பதிலும் நுட்பம் உண்டு. நம்மவரை ஊரார் வயது பாராது 'பாய்' என்பர்; நேபாளியில் 'பாய்' தம்பியையே குறிக்கும். மூத்தவர் 'தாய்', அதாவது அண்ணன். (நம் செவிக்கு வேறு பொருள்தான்!) அடுத்த முறை அவர் வரும்போது, "தாய், பஸ்னுஸ் ந" என்று கூறி, குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள்.