எண்ணெய் மிதக்கணும்!

பி.காம். படித்தவனுக்கு இரண்டு கெட்ட பழக்கம். அடுத்தவன் கணக்கில் தப்பு கண்டுபிடிப்பது. தன் கணக்கை இரண்டாம் தடவை கூட்டிப் பார்க்காதது. இரண்டும் சேர்ந்து 2016-ல் என்னை லாகோஸ் நகரத்தில் கரண்டி பிடிக்க வைத்தன.

அப்போது நைஜீரியாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட் உத்தியோகம். கேஷியர், ஐம்பதைத் தாண்டிய யொரூபா அம்மாள். ஆபீஸே 'ஆன்ட்டி' என்று கூப்பிடும், நானும். அவர் என்னை 'ஓகா' என்பார். முதலாளி என்று அர்த்தமாம். (என் சம்பளத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்!) புதன்கிழமைதோறும் சாதமும், செக்கச்செவேலென்று கறிக் குழம்பும் எனக்கென்று ஒரு தனி டப்பாவில் வரும். அங்கே அதற்கு 'ஸ்ட்யூ' என்று பெயர்.

ஏப்ரலில் ஒருநாள் கல்லாவில் 9,000 நைரா குறைந்தது. எழுதினேன் மெமோ. 'சம்பளத்தில் பிடி' என்றது மேலிடம். பிடித்தாயிற்று. மகனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டவேண்டிய மாதம் அது. ஆன்ட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்பது முதல் வருஷப் பாடம். எனக்கு அது பத்து நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. ரொக்க விற்பனை 23,000-ஐ 32,000 என்று எழுதியிருந்த மகானுபாவன்... வேறு யார், நான்தான்!

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஓகா" என்றார். டப்பா மட்டும் வரவில்லை.

சரி, நாமே சமைத்துக் கொடுத்து சமாதானம் ஆகலாம் என்று கிளம்பினால், தக்காளி தங்க விலை! அந்த மே மாதம் 'டூட்டா அப்சலூட்டா' என்ற பூச்சி வடக்கே தோட்டங்களை நாசம் பண்ணி, கடுனா மாநிலத்தில் அவசரநிலையே அறிவித்திருந்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'தக்காளி எபோலா'. மைல் 12 மார்க்கெட்டில் நான் பேரம் பேசிய அழகைப் பார்த்து ஒரு கடைக்காரி தண்ணீர் கொடுத்தாள்.

செய்முறை, எங்கள் காம்பவுண்டு வாட்ச்மேன் மனைவி உபயம். ஆட்டுக்கறியை வெங்காயம், உப்பு, தைம் என்ற காய்ந்த இலை, மேகி கட்டி (நூடுல்ஸ் இல்லை சார்!), கறி பவுடர் போட்டு வேகவைக்கணும். அந்தப் பவுடர் மஞ்சளாக இருக்கும், காரம் கிடையாது. "உங்க ஊர் சாமான்தானே?" என்றார். விட்டுக்கொடுத்துவிட்டேன். காரத்துக்கு அட்டா ரோடோ இருக்கிறது. குட்டிப் பரங்கிக்காய் மாதிரி சாதுவாக இருக்கும். கடித்தால் குலதெய்வம் கண்ணில் தெரியும். அதில் இரண்டு, 'டாட்டாஷே' என்ற பெரிய சிவப்பு மிளகாய், தக்காளி, வெங்காயம் எல்லாவற்றையும் அரைத்து, தண்ணீர் வற்றும்வரை கொதிக்கவிட்டு, பிறகு தாராளமாக எண்ணெய் ஊற்றி வதக்கணும். அப்புறம்தான் வறுத்த கறியும், கறி வெந்த தண்ணீரும். சாதம் புழுங்கலரிசி. அதில் மட்டும் நான் எக்ஸ்பர்ட்.

திங்கட்கிழமை டப்பாவை நீட்டினேன். ஆன்ட்டி ஒரு ஸ்பூன் வாயில் வைத்துக் கண்ணை மூடினார். என் டிகிரி பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இதயம் அப்படி அடித்துக்கொண்டதில்லை.

"கறி நல்லா வெந்திருக்கு ஓகா. தக்காளிதான் பச்சை வாசனை அடிக்குது. எண்ணெய் பிரிஞ்சு மேலே மிதக்கறவரைக்கும் வதக்கணும். உங்களுக்கு எப்பவும் அவசரம்!"

தக்காளியைப் பற்றி மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து பான்ட்ரிக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்து, குழம்பை மறுபடி சட்டியில் கொட்டினார். அரைமணி நேரம். கேஷ் கவுன்ட்டரில் க்யூ நின்றது. எண்ணெய் மிதந்தது. ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

புதன்கிழமை என் மேஜையில் பழைய டப்பா! மூடியில் ஒரு சீட்டு: 'கறி 9 துண்டு. எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.'

இரண்டு தடவை எண்ணினேன். எட்டுதான் இருந்தது.

மெமோ எழுதவில்லை.