ஊசலும் வெட்டுப்புள்ளியும்

கலைப்பீட மாணவனொருவன் பௌதிகவியல் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும், சென்ற விடுமுறையில் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று என்னை இதனை எழுதத் தூண்டிற்று.

உயர்தரக் கணிதப் பிரிவிற் பயிலும் என் தம்பி எளிய ஊசல் பற்றிய பாடத்தை மனனஞ் செய்துகொண்டிருந்தான். வெள்ளவத்தைத் தனியார் வகுப்பொன்றில் பெருங்கூட்டத்தின் நடுவிலிருந்து அவன் எழுதிய குறிப்பில் சமன்பாடு இருந்தது; வரைபும் இருந்தது. “ஒருநாளாவது ஊசலை ஆட்டிப் பார்த்தாயா?” என்று கேட்டேன். “இல்லை அண்ணா, பள்ளிக்கூட ஆய்வுகூடம் பூட்டித்தான் கிடக்குது” என்றான்.

ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ‘பைபொக்ஸ்’ என்னும் இலவசச் செயலி என் கைத்தொலைபேசியில் இருந்தது. சுழற்சி, ஆர்முடுகல், காந்தப்புலம் ஆகியவற்றை உணரும் நுண்கருவிகள் இத்தகைய தொலைபேசிகள் பலவற்றினுள்ளே உள்ளன. அதனையே குண்டாகக் கட்டி, ஒரு மீற்றர் நீளத்தில், கதவு நிலையில் தொங்கவிட்டோம். அம்மா பதறினார். அலைவுக் காலம் ஏறத்தாழ இரண்டு செக்கன் எனத் திரை காட்டியபோது தம்பியின் முகம் மலர்ந்தது. புவியீர்ப்பு ஆர்முடுகலின் பெறுமானத்தை அன்றுதான் அவன் தானே கண்டறிந்தான்.

ஆனால் அந்த மகிழ்ச்சியை எந்தப் பட்டியலும் பதிவு செய்வதில்லை. நாளை அவனை அளக்கப்போவது இசட் புள்ளி. பெற்ற புள்ளியிலிருந்து பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. 1970 களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவர் நெஞ்சில் ஆறாப் புண்ணை ஏற்படுத்திற்று. 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது; 2001 இல் இசட் புள்ளி வந்தது. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரை ஒன்றாகக் கலந்து கணித்தமை தவறென 2012 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது கணிதத்துக்கு முற்பட்ட வினா என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகின்றது.

மாவட்டப் பங்கீட்டை நான் பழிக்கவில்லை. மன்னார், முல்லைத்தீவு, நுவரெலியா மாணவர்க்கு அது வாயில் திறந்தது. எனினும் கொழும்பு மாவட்டம் என்ற ஒரே பெட்டியினுள் கறுவாத்தோட்டத்துப் பெருங் கல்லூரியும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைப் பள்ளியும் அடங்குகின்றன. இருவருக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. ஆய்வுகூடத்தின் பூட்டு அக்கணக்கில் இல்லை.

எனவே எண்கள் வேண்டாமென்று நான் கூறவில்லை. இன்னும் நுண்ணிய எண்கள் வேண்டுமென்கிறேன். ஒவ்வொரு பாடசாலையிலும் தவணைக்கு எத்தனை நாள் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது, எத்தனை பரிசோதனைகளை மாணவர் தம் கையாற் செய்தனர், விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் எத்தனை மாதம் நிரப்பப்படாதிருந்தது என்பன பதியப்பட்டுப் பகிரங்கமாக வேண்டும். உணர்கருவிகளைக் கொண்டு பிள்ளையின் கண்ணசைவையும் கவனத்தையும் வேவு பார்ப்பதைவிட, அவற்றைப் பிள்ளையின் கையிற் கொடுப்பதே நீதி. அளக்கப்பட வேண்டியது முதலில் பாடசாலைக்கு நாம் வழங்கியவையே. மாணவனின் விளைச்சல் அதன் பின்னரே.

தம்பியின் பரீட்சை நெருங்குகின்றது. கதவு நிலையில் அந்த நூலை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் ஞாயிறு தோறும் ஊசலாட்டிப் பார்க்க வருகின்றனர்.