கோடு போட்டுப் பாருங்க!

லீவு நாள்ல வீட்டுக்குத் தெரியாம ஏரியில குதிச்சு ஆடிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நின்ன அனுபவம் உங்களுக்கு உண்டா? தலையைத் துவட்டி, சட்டையை மாத்தி, சொல்ல வேண்டிய கதையையும் ரெடி பண்ணித்தான் வந்திருப்பீங்க. ஆனா அம்மா கதையைக் கேட்கவே மாட்டாங்க. கையைப் பிடிச்சு இழுத்து, நகத்தால ஒரே ஒரு கோடு. சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையா விழும். அப்புறம் பேச வேண்டியதை விளக்குமாறு பேசும்!

அந்தக் கோட்டுக்குப் பின்னால ஒரு பெரிய சயின்ஸே இருக்கு பாஸ். நம்ம தோலோட மேல் அடுக்கு உயிரில்லாத செல்களால ஆனது. கனம் பெரும்பாலான இடங்கள்ல 10-லேர்ந்து 20 மைக்ரான்தான். செங்கல் சுவர் மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. செல்தான் செங்கல், நடுவுல இருக்குற கொழுப்புதான் சாந்து. செங்கலுக்குள்ள அமினோ அமிலம், யூரியா மாதிரி சில சரக்குகள் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். மணிக்கணக்கா தண்ணியில ஊறினா, அந்தச் சரக்கு கரைஞ்சு வெளியே போயிடும். கரையேறிக் காய்ஞ்சதும் செதில்கள் பிரிஞ்சு நடுவுல காத்து புகுந்துக்கும். நகம் பட்டதும் வெளிச்சம் சிதறி வெள்ளைக் கோடு தெரியும். தண்ணியிலேயே கிடந்த தோல்தான் வறண்டு போகுது. வேடிக்கையா இல்ல?

இப்போ ஏன் இந்தக் கதைன்னு கேட்குறீங்களா? மேட்டருக்கு வர்றேன்.

நான் இருக்குறது சேரப்பணஞ்சேரி. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல, படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவுல. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சது, 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா வந்து 2014-ல மூடினது, 2010-ல ஒரகடத்துல ரெனோ - நிசான் வந்ததுன்னு இந்தப் பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். விடியுறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். எங்க வீட்டுலேர்ந்து அதுல ஏறுறது என் அக்கா. நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் மூணாவது வருஷம். அக்கா சம்பளத்துலதான் என் ஃபீஸ்.

அக்காவுக்கு வேலை எலெக்ட்ரானிக்ஸ் அசெம்ப்ளி. அங்கே லைனுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் உண்டு. மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டிக்கிட்டு, வயரை மெஷின்ல சொருகி, பட்டனை அமுக்கணும். பச்சை எரிஞ்சா உள்ளே போகலாம். சிவப்பு எரிஞ்சா ஓரமா நில்லு! உடம்புல சேர்ற நிலை மின்சாரம் பட்டா சின்ன சிப் செத்துப் போயிடும். அதனால அதை அந்தப் பட்டை வழியா தரைக்கு அனுப்புறாங்க. பட்டையில பாதுகாப்புக்காக 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஆளையும் பட்டையையும் சேர்த்து மொத்தத் தடை 35 மெகா ஓமைத் தாண்டக் கூடாதுன்னு இந்தத் துறையில ஒரு கணக்கு.

பட்டை நல்லா இருந்தாலும் சிவப்பு எரியலாம். தோல் வறண்டிருந்தா மின்சாரம் சரியா பாயாது. அதாவது, அம்மா நகத்தால பண்ணின அதே டெஸ்ட்டை இங்கே மெஷின் பண்ணுது!

அக்காவுக்குப் போன வருஷம் அடிக்கடி சிவப்பு. வெளியே ஊரே வியர்வையில நனையும், உள்ளே நாள் முழுக்க ஏ.சி. நடுநடுவுல ஆல்கஹால் போட்டுத் துடைக்குற வேலை, சோப்பு போட்டுக் கை கழுவுறது வேற. விரல் ஓரமெல்லாம் வெடிப்பு. ராத்திரி புளி கரைக்கும்போது 'ஸ்...'னு கையை உதறுவாங்க. ஒருநாள் முந்நூறு ரூபாய்க்கு மேல கொடுத்து ஒரு லோஷன் வாங்கிட்டு வந்தாங்க. பாட்டில்ல '48 மணி நேர ஈரப்பதம்'. மறுநாள் மத்தியானமே கையில வெள்ளைக் கோடு!

48 மணி நேரம் எங்கே போச்சு? கம்பெனிக்காரன் பொய் சொல்றானா? விஷயத்தைத் தோண்டினேன்.

பொய் இல்லை மக்கா. டெஸ்ட் பண்ணின கை வேற, அக்கா கை வேற.

தோல்ல எவ்வளவு ஈரம் இருக்குன்னு பார்க்க 'கார்னியோமீட்டர்'னு ஒரு கருவி இருக்கு. பிசிக்ஸ், இ.சி.இ. பசங்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா, அது ஒரு கெப்பாசிட்டர். தண்ணியோட மின்காப்பு மாறிலி 80 கிட்ட. காய்ஞ்ச தோல், கொழுப்பு எல்லாம் அதுல பத்துல ஒரு பங்குகூட வராது. அதனால மேல் தோல்ல ஈரம் கூடினா கெப்பாசிட்டன்ஸும் கூடும். கருவியைத் தோல்மேல ஒத்தி எடுத்தா ஒரு எண் வந்துடும்.

டெஸ்ட்டுக்கு வர்றவங்களை 20 - 22 டிகிரி செல்சியஸ் ரூம்ல, 40-லேர்ந்து 60 சதவிகிதம் ஈரப்பதத்துல, இருபது முப்பது நிமிஷம் சும்மா உட்கார வைப்பாங்க. பெரும்பாலும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல, உள்பக்கமா கட்டம் போடுவாங்க. ஒரு கட்டத்துல லோஷன், பக்கத்துக் கட்டம் காலி. பூசின இடத்தைக் கழுவக் கூடாது, வேற எதுவும் தடவக் கூடாது. குறிச்ச நேரம் கழிச்சு, பூசின கட்டம் காலிக் கட்டத்தைவிட ஈரமா இருக்கான்னு பார்ப்பாங்க. கணக்குப்படி வித்தியாசம் நிரூபணமாச்சுன்னா, அந்த மணி நேரம் பாட்டில்ல ஏறிடும். வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு பாட்டில் சொல்லாது. அந்த நேரம் பூரா கை பஞ்சு மாதிரி இருக்கும்னும் அதுக்கு அர்த்தம் கிடையாது.

இதுல குத்தம் இல்லை. எல்லா லோஷனையும் ஒரே தராசுல நிறுத்த இப்படித்தான் பண்ணியாகணும். ஆனா ஷிஃப்ட்டுல ஏழெட்டு தடவை கழுவுற கைக்கு அந்த 48 பொருந்தாது. சரி, ஐ.எஸ்.ஐ. தரம் பார்த்து வாங்கலாமான்னா, ஸ்கின் க்ரீமுக்கான இந்தியத் தர நிர்ணயம் 6608, சூட்டுல க்ரீம் பிரிஞ்சு போகுதா, பி.எச். எவ்வளவு, கொழுப்புச் சத்து எவ்வளவு, ஈயம் ஆர்சனிக் இருக்கான்னுதான் பார்க்குது. பாதுகாப்புக்கு அது ரொம்ப அவசியம். ஈரம் எத்தனை மணி நேரம் நிக்கும்கறது அதோட வேலை இல்லை.

அப்போ நாமளே பார்த்துட வேண்டியதுதான்னு காலேஜ் லேப்ல இறங்கினேன். இந்தத் துறையில ஏற்கெனவே இருக்குற பீக்கர் டெஸ்ட்தான். 100 மில்லி பீக்கர்ல 50 மில்லி தண்ணி, வாயை ஃபில்டர் பேப்பரால மூடணும். பேப்பர் மேல 200 மில்லிகிராம் லோஷன் சீராத் தடவி, 32 டிகிரியில 48 மணி நேரம் வைக்கணும். ஒரு பீக்கருக்கு எதுவும் தடவாத வெறும் பேப்பர். அப்புறம் எடை போட்டா, எதுல எவ்வளவு தண்ணி ஆவியாச்சுன்னு தெரிஞ்சுடும். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் தராசு, மைக்ரோபயாலஜி இன்குபேட்டர், ரெண்டு டிபார்ட்மென்ட் அட்டெண்டருக்கும் டீ. அவ்வளவுதான் செலவு.

ரிசல்ட்? தண்ணியை அதிகமாப் பிடிச்சு நிறுத்தினது, கண்ணாடி ஷெல்ஃப்ல இல்லாம அண்ணாச்சி கடையில தொங்குற சின்ன டப்பா பெட்ரோலியம் ஜெல்லி! 1872-லேயே அமெரிக்காவுல பேடன்ட் வாங்கின பழைய சரக்கு. பம்ப் பாட்டில் லோஷனெல்லாம் பின்னாடிதான். ஏன்னா, அதுல பெரும்பகுதி தண்ணி. பூசினதும் ஜில்லுன்னு இருக்குமே, அது அந்தத் தண்ணி பறக்குற சுகம்.

ஆனா ஜெல்லிக்கு உடனே கோயில் கட்டிடாதீங்க. பேப்பர் தோல் ஆகாது. இந்த டெஸ்ட் மூடி போடுற சக்தியை மட்டும்தான் பார்க்கும். தண்ணியை இழுத்துப் பிடிக்குற கிளிசரின், யூரியாவோட திறமை இதுல தெரியாது. இன்னொண்ணு, ஜெல்லி தானா ஈரம் கொடுக்காது, இருக்குற ஈரத்தைத்தான் காக்கும். 1952-லேயே இர்வின் பிளாங்க்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காய்ஞ்ச காய்ப்புத் தோலை எண்ணெயில ஊறப் போட்டுப் பார்த்தார். இளகவே இல்லை. தண்ணி பட்டதும்தான் இளகுச்சு. தோலை மெதுவாக்குறது தண்ணி. எண்ணெய் அதுக்கு வாட்ச்மேன்.

நம்ம தேங்காய் எண்ணெயும் லேசுப்பட்டது இல்லை. 2004-ல பிலிப்பைன்ஸ்ல வறண்ட தோல் உள்ள 34 பேரை வச்சு ஒரு சோதனை. ஒரு குரூப்புக்குத் தேங்காய் எண்ணெய், இன்னொரு குரூப்புக்கு மினரல் ஆயில், கால்ல தினம் ரெண்டு வேளை, ரெண்டு வாரம். கருவி வச்சு அளந்ததுல ரெண்டுமே தோல் ஈரத்தைக் கூட்டியிருந்தது. பாட்டிகள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

அடுத்த டெஸ்ட் எங்க தெருவுல. அக்காவும், ஒரே பஸ்ல போற மூணு அக்காக்களும் கை கொடுத்தாங்க. மூணு டப்பாவுல மூணு சரக்கு, மேல நம்பர் மட்டும். எது எந்த பிராண்டுன்னு எனக்குத்தான் தெரியும். ஊசியில்லாத சிரிஞ்சுல ஒரே அளவு. வலது கைக்கு ஒண்ணு, இடது கைக்கு ஒண்ணு, மறுநாள் மாத்தி. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் புறங்கையில நகக் கோடு.

வாசனை லோஷன் முதல் அரை மணி நேரம்தான் ஹீரோ. ரெண்டு மூணு தடவை கழுவினதும் எல்லா கையும் ஒரே மாதிரி. அடுத்த வாரம் ரூலை மாத்தினோம். இடைவேளையில கை கழுவினதும், முழுசாத் துடைக்காம லேசான ஈரத்தோட கொஞ்சமாத் திரும்பப் பூசணும். விலை கம்மியான கிளிசரின் க்ரீம்கூட அப்போ சாயங்காலம் வரைக்கும் தாங்குச்சு. நாலே பேரை வச்சு உலகத்துக்குத் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனா அந்த நாலு பேருக்குத் தேவையான பதில் கிடைச்சுடுச்சு. பிராண்டை மாத்துறதைவிடப் பூசுற நேரத்தை மாத்தினதுலதான் பலன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. பீக்கர்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கின ஜெல்லி, கேட்டுல ஃபெயில் ஆகலாம்! எண்ணெய்ப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. மணிக்கட்டுல தடவிட்டுப் போனா பட்டைக்கும் தோலுக்கும் நடுவுல அதுவே குறுக்கே நிக்கும். எலெக்ட்ரானிக்ஸ் லைனுக்குன்னே சிலிகோன், லானோலின் இல்லாத தனி லோஷன் உண்டு. கார் பெயின்ட் ஷாப் பக்கமும் இதே கண்டிப்பு. க்ரீம்ல இருக்குற சிலிகோன் துளி பட்டாலே பெயின்ட்ல பள்ளம் பள்ளமா விழும். லேபிள்ல 'டைமெத்திகோன்'னு இருந்தா அதுவும் சிலிகோன்தான். அதனால அக்கா இப்போ ராத்திரி கை கழுவின ஈரத்தோட ஜெல்லி. காலையில சோப்பு போட்டு அலசிட்டு, வேலை நேரத்துல உள்ளே அனுமதிச்ச லோஷன் மட்டும். சிவப்பு லைட் ரொம்பக் குறைஞ்சுடுச்சு. புளியையும் நிம்மதியா கரைக்குறாங்க.

நீங்களும் பண்ணலாம். காசு கொடுத்து வாங்குறதுக்கு முன்னாடி ரூம்மேட்கிட்ட இருக்குறதை ஒரு சொட்டு கடன் வாங்குங்க. பேரை மறைச்சுப் பூசச் சொல்லுங்க. ஒரு இடத்தை வெறுமனே விடுங்க, அது இல்லாட்டி எதோட ஒப்பிடுவீங்க? உங்க கை தினம் என்ன பாடு படுதோ, அதையே படட்டும். ஹாஸ்டல் போர்வெல் தண்ணி, பைக் வெயில், லேப் கெமிக்கல் எல்லாம் சேர்த்து. முக்கியமா, வெடிச்ச தோல்ல சோதனை வேண்டாம். அரிப்பு, கொப்புளம், ரத்தம்னு வந்தா லோஷனைத் தூக்கிப் போட்டுட்டு டாக்டரைப் பாருங்க. வேலைக்குப் போறவங்கன்னா ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக்கிட்டு, என்ன வேலை, எந்தக் கெமிக்கல்னு விவரமா சொல்லணும். கெமிக்கலால வர்ற தோல் நோயும் தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு. 'கிளிசரின் போட்டா சரியாயிடும்'னு விடுற விஷயம் இல்லை.

இனிமே கடையில '72 மணி நேரம்'னு ஒரு பாட்டில் கண்ணடிச்சா, மடங்கிடாதீங்க. 'எத்தனை தடவை கை கழுவினதுக்கு அப்புறம்?'னு ஒரு கேள்வியை மனசுக்குள்ள கேட்டுட்டு பர்ஸைத் திறங்க!