முளைக்காத பயறு



முன்னாள் மாணவர்கள் தேர்ச்சிச் செய்தியோடு அழைக்கும்போது ஆசிரியர் உள்ளம் பூரிப்பது இயல்பு. இன்று நான் எழுத விழைவது அத்தகைய செய்தியன்று. தான் செய்த தவற்றை வெளியே சொல்லலாமா என்று கேட்டு ஒரு மாணவி என்னை அழைத்தாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவளுடைய இசைவு பெற்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

2015ஆம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் 7ஏ பெற்றவள் அவள். தந்தை லோரி ஓட்டுநர். மெட்ரிகுலேஷன் முடித்து, கல்விக் கடன் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தொழில்நுட்பம் பயின்று வந்தாள். 2024ஆம் ஆண்டின் நீண்ட விடுமுறைக்கு முன்பு அவளுடைய தந்தை என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

“டீச்சர், லீவுல வேலைக்குப் போகாம ஏதோ ஆராய்ச்சிக் குழுவுல சேரப் போறேன்னு சொல்றா. சம்பளமும் கிடையாதாம், மார்க்கும் கிடையாதாம். நீங்க சொன்னா கேப்பா.”

நானும் சொன்னேன். “முதல்ல பட்டத்தை முடிம்மா. அப்புறம் ஆராய்ச்சி பண்ணலாம்” என்றேன். அவள் பொறுமையாக விளக்கினாள்.

அந்தக் குழு ‘ஐஜெம்’ என்னும் பன்னாட்டுப் போட்டிக்கான மாணவர் அணி. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு குறுகிய கால வகுப்பாகத் தொடங்கி, 2004இல் ஐந்து அணிகளோடு போட்டியாக வளர்ந்தது. இன்று பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான அணிகள் பங்கேற்கின்றன. துறை, செயற்கை உயிரியல். நுண்ணுயிருக்குள் புதிய மரபணுவைச் செலுத்தி, அது இதுவரை செய்யாத ஒரு பணியைச் செய்ய வைப்பது. 2006ஆம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள் கிணற்று நீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பதைக் கண்டறிய உதவும் நுண்ணுயிரை உருவாக்க முனைந்தார்கள். இவளுடைய அணி, நீரில் கலந்த ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் நுண்ணுயிரை உருவாக்க எண்ணியது.

தலைப்பைத் தேர்வது, ஆய்வைத் திட்டமிடுவது, பல ஆயிரம் அமெரிக்க டாலர் பதிவுக் கட்டணத்துக்கு ஆதரவாளர்களைத் தேடுவது, பொதுமக்களிடம் சென்று விளக்குவது ஆகிய அனைத்தும் மாணவர் பொறுப்பு. விரிவுரையாளர்கள் வழிகாட்டுவார்கள், விடை சொல்ல மாட்டார்கள்.

என் அறிவுரையை அவள் ஏற்கவில்லை. வார இறுதியில் பேரங்காடியில் வேலை செய்வதாகத் தந்தையிடம் உடன்பட்டு, அணியில் சேர்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஓர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தாள். அழுதிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பணி இதுதான். பிளாஸ்மிட் எனப்படும் சிறிய மரபணு வளையத்தைத் தீங்கற்ற ஈ.கோலை நுண்ணுயிருக்குள் செலுத்த வேண்டும். 42 பாகை வெப்பத்தைச் சில நொடிகள் கொடுத்தால் வளையம் உள்ளே நுழையும். பிறகு நுண்ணுயிர்க்கொல்லி கலந்த அகார் தட்டில் பரப்பி, 37 பாகையில் ஓரிரவு வைக்க வேண்டும். அந்த வளையத்தில் குறிப்பிட்ட ஒரு கொல்லியைத் தாங்கும் மரபணுவும் இருக்கும். ஆகவே வளையத்தை ஏற்ற நுண்ணுயிர் மட்டும் பிழைத்துப் புள்ளி புள்ளியாக வளரும்.

மூன்று வாரமாக ஒரு புள்ளியும் வளரவில்லை. அணியினர் மரபணு வடிவமைப்பே பிழையென்று எண்ணி, அதை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். கட்டாயம் வளர வேண்டிய ஒப்பீட்டுத் தட்டுகூட வெறுமையாக இருந்தது அவளை உறுத்தியது. தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தாள். வளையம் தாங்கக்கூடிய கொல்லி குளோரம்பெனிகோல். அவள் தட்டுகளில் கலந்ததோ ஆம்பிசிலின். ஒரே நாளில் ஊற்றி அடுக்கிவைத்த தட்டுகள் அனைத்தும் பிழை. மூன்று வார உழைப்பு அவளால் வீணானது.

“யாருக்கும் தெரியாது டீச்சர். புதுசா தட்டு ஊத்தி வச்சிட்டா போதும். சொல்லணுமா?”

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அவளே தொடர்ந்தாள்.

“நாலாம் ஆண்டுல என் பச்சைப்பயறு முளைக்கல. ஞாபகம் இருக்கா? பக்கத்துல இருந்தவளோடத பாத்து எழுதிக்கச் சொன்னீங்க. இங்க பாத்து எழுத யாருமில்ல டீச்சர்.”

அவள் குறை கூறவில்லை. இயல்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு உறக்கம் போயிற்று. ஆம், அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். தேர்வில் கேட்கப்படும் விடை ‘முளைத்தது’ என்பதே. பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் செயற்பாங்குத் திறன்களை எனக்கு முறையாகவே கற்றுத் தந்தார்கள். நான்தான் அவற்றை மாதிரி விடைகளாகச் சுருக்கினேன்.

“சொல்லிடும்மா. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு” என்றேன்.

மறுநாள் அவள் அணிக் கூட்டத்தில் சொன்னாள். ஒரு மாணவர் கோபத்துடன் வெளியேறினாராம். அணித் தலைவி மட்டும், “வடிவமைப்பை மாற்ற வேண்டியதில்லை என்று இப்போதாவது தெரிந்ததே” என்றாராம். புதிய தட்டுகளில் இரண்டாம் நாளே புள்ளிகள் தோன்றின. அந்தப் போட்டியில் ஒவ்வோர் அணியும் தன் பணியை இணையத்தில் எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டும். இவர்கள் தட்டுப் பிழையையும் அதில் சேர்த்தே எழுதினார்கள். அங்கே பதக்கங்கள் ஒருவரை ஒருவர் முந்துவதால் கிடைப்பவை அல்ல. வரையறைகளை நிறைவுசெய்யும் அணிகள் அனைத்துக்கும் உண்டு. அக்டோபரில் பாரிஸில் நடந்த நிறைவு விழாவுக்குச் செல்ல இவளிடம் பணமில்லை. அணிக்கு வெண்கலம் கிடைத்த செய்தியைத் தந்தையின் லோரியில் அமர்ந்து கைப்பேசியில் பார்த்தாளாம்.

பெற்றோர்களே, மதிப்பெண் தராத பணியில் பிள்ளைகள் ஈடுபட்டால் உடனே தடுத்துவிடாதீர்கள். செலவையும் நேரத்தையும் பற்றி அமர்ந்து பேசுங்கள். அந்தத் தந்தை அவ்வாறு பேசியதால்தான் ஒரு வழி பிறந்தது. நான் தடுக்கத்தான் பார்த்தேன்.

இவ்வாண்டு என் வகுப்பில் மீண்டும் பயறு நட்டோம். ஆறு பேருக்கு முளைக்கவில்லை. பார்த்து எழுத விடவில்லை. ஒரு மாணவன் தன் ஏட்டில் எழுதியிருந்தான்: “முளைக்கவில்லை. நான் தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டேன்.”

சிவப்பு மையால் ‘சரி’ என்று குறியிட்டேன்.