காலண்டர் பார்த்துச் சமைக்கும் ஊர்கள்

2025 டிசம்பரில் தில்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் தீபாவளியைச் சேர்த்தது. இங்கே எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அதே கூட்டத்தில் இத்தாலியச் சமையலும் அந்தப் பட்டியலில் ஏறியது அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. கவனித்த சிலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும்: பீட்சாவுக்கும் பாஸ்தாவுக்குமா இத்தனை மரியாதை?

சந்தேகம் நியாயமானதே. இந்திய நகரங்களில் இத்தாலிய உணவு என்றால் குடைமிளகாய் தூவிய பீட்சா, வெள்ளை சாஸில் மிதக்கும் பாஸ்தா. ஜனவரியிலும் அதே மெனு, ஜூனிலும் அதே மெனு. இந்த மெனுவை ஓர் இத்தாலியப் பாட்டியிடம் காட்டினால் அவர் இரண்டு கேள்விகள் கேட்பார். இது எந்த ஊர்ச் சாப்பாடு? எந்த மாதத்துச் சாப்பாடு? நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று இலக்கண வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் அந்நியமாகத் தோன்றாது.

ரோம் நகரத்தையே எடுத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அங்கே புந்தாரெல்லே என்ற கசப்புத் தண்டு சந்தைக்கு வரும். அதை மெல்லிய இழைகளாகக் கீறிக் குளிர்ந்த நீரில் போட்டால் சுருண்டுகொள்ளும். உப்பிட்ட நெத்திலியையும் பூண்டையும் இடித்து, எண்ணெயும் வினிகரும் சேர்த்துப் பிசறிப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். பிப்ரவரி, மார்ச் வந்துவிட்டால் ஆர்ட்டிச்சோக்கின் ஆட்சி. உருண்டை மொட்டு போலிருக்கும் அதைப் புதினா வகைத் தழையும் பூண்டும் அடைத்து வேகவைப்பது ஒரு முறை. எண்ணெயில் இரண்டு தடவை பொரித்து, இதழ்கள் சாமந்திப்பூ போல விரிந்து மொறுமொறுக்கும்படி செய்வது இன்னொரு முறை. இரண்டாவது முறை ரோமின் யூதர்களுடையது. 1555 முதல் 1870 வரை ஒரு சின்னச் சேரிக்குள் மதிற்சுவர் எழுப்பி அடைத்து வைக்கப்பட்ட மக்கள் அவர்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆர்ட்டிச்சோக் முடியும் தறுவாய். ஃபாவா என்ற அகன்ற மொச்சையும் பச்சைப் பட்டாணியும் அப்போதுதான் தலைகாட்டும். பழையதும் புதியதும் ஒரே சந்தையில் சந்திப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களுக்கென்றே ஒரு கூட்டு இருக்கிறது, பெயர் விக்னரோலா. மூன்றையும் வெங்காயத்தாள், லெட்யூஸ் கீரையோடு மெல்ல வேகவைக்க வேண்டும். ஜூனில் விக்னரோலா கேட்பவரைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். மே 1 அன்று இளம் ஃபாவாவைப் பச்சையாக உரித்து, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கொரினோ பாலாடைக்கட்டியோடு தின்ன ரோம் மக்கள் ஊருக்கு வெளியே புல்வெளி தேடிப் போகிறார்கள். தொழிலாளர் தினத்துக்கு இதைவிட நல்ல கொண்டாட்டம் இருக்க முடியுமா என்ன!

டஸ்கனியில் பருவத்தைச் சொல்வது பழைய ரொட்டி. உப்புச் சேர்க்காத ரொட்டியை அங்கே முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறைதான் சுடுவார்கள். நான்காம் நாள் அது கல்லாகிவிடும். கோடையில் அந்தக் கல்லை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, தக்காளி, வெங்காயம், துளசி வகையான பேஸில் சேர்த்தால் பன்சனெல்லா. தக்காளி கனிந்து குவியும் நாட்களில் அதே ரொட்டியைத் தக்காளியோடு வேகவைத்துக் குழைத்தால் பப்பா அல் பொமொதோரோ. குளிர்காலத்தில் பீன்ஸோடும், உறைபனி பட்டபின் ருசி கூடும் கருநிறக் கோஸ் இலையோடும் கொதிக்க வைத்து, மறுநாள் மறுபடியும் கொதிக்க வைத்தால் ரிபொல்லிதா. அந்தப் பெயருக்கே ‘மறுபடி கொதித்தது’ என்றுதான் அர்த்தம். பழைய சோற்றை வீணாக்காத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

இன்று புளோரன்ஸ் ரெஸ்டாரண்டுகள் இதை அழகான மண் சட்டியில் வைத்து நல்ல விலைக்கு விற்கின்றன. அதை முதலில் கிளறிய கைகள் பெரும்பாலும் வாரக்குடிகளின் கைகள். விளைச்சலில் பாதி நிலச்சுவான்தாருக்கு. அந்த முறையில் புது ஒப்பந்தம் போடக்கூடாது என்று சட்டம் வந்ததே 1964இல்தான். தெற்கே பூலியாவில் பாஸ்தாவில் முட்டை கிடையாது, கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். பாலாடைக்கட்டி வாங்க வக்கில்லாதவர்கள் ரொட்டித் தூளை எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள்.

பருவத்தோடு வாழ்ந்த அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் வடக்கே வெனெத்தோ, லொம்பார்தி பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஏழை விவசாயிக்குக் குளிர்காலம் முழுக்க ஒரே சாப்பாடு: பொலெந்தா, அதாவது மக்காச்சோளக் களி. விளைவு பெல்லாக்ரா. முதலில் தோல் வெடிக்கும், பிறகு வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி பேதலிக்கும். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் இந்த நோயாளிகளால் நிரம்பின. 1881 அரசுக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெரியவந்தார்கள். நியாசின் என்ற வைட்டமின் குறைவே காரணம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. மக்காச்சோளத்தின் தாய்நாடான மெக்ஸிகோவில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகுதான் அரைப்பார்கள். அப்படிச் செய்தால் அந்தச் சத்து உடலில் சேரும். தானியத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த கப்பல்கள் சமையல் முறையைக் கொண்டுவரவில்லை.

இத்தனை ஊர், இத்தனை பருவம் என்று சிதறிக்கிடந்ததை ஒரு புத்தகத்துக்குள் கட்டிப்போட்டவர் பெல்லெக்ரினோ அர்தூசி. தொழில் பட்டு வியாபாரம். இத்தாலி ஒரே நாடாகி 30 ஆண்டு கழித்து, 1891இல், தன் சமையல் புத்தகத்தைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். 1911இல் அவர் இறக்கும் முன் 790 ஆகிவிட்டன. இன்றும் அச்சில் இருக்கிறது.

நிலத்தை விட்டே போய்விட்டவர்கள் என்ன செய்வது? இதற்குப் பதில் தேட வேண்டியிருந்தவர் மார்செல்லா ஹசான். 1924இல் செசனாத்திகோ என்ற கடலோர ஊரில் பிறந்தவர். ஃபெராரா பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம். 1955இல் கல்யாணமாகி நியூயார்க் போனபோது அவருக்குச் சமைக்கவே தெரியாது. கணவரோ சாப்பாட்டில் ரசனை உள்ளவர். ஆதா போனி எழுதிய சமையல் புத்தகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஊரில் சாப்பிட்டதன் ருசியை நாக்கிலிருந்து நினைவுகூர்ந்து கற்றார். 1969இல் வீட்டிலேயே வகுப்பு எடுக்கத் தொடங்கினார். 1973இல் முதல் புத்தகம்.

2013இல் மறைந்த அவரை இன்றும் பல வீடுகள் நினைப்பது ஒரு தக்காளிச் சாஸுக்காக. தக்காளி, 5 மேஜைக்கரண்டி வெண்ணெய், இரண்டாக நறுக்கிய ஒரு வெங்காயம், உப்பு. பூண்டுகூட கிடையாது. 45 நிமிடம் சிறு தீயில் கொதித்ததும் வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். நன்றாகப் பழுத்த தக்காளி கிடைக்காவிட்டால் தரமான டின் தக்காளியே போதும் என்றார் அவர். சுத்தக்காரர்களுக்கு இது உறுத்தும். யோசித்தால் பருவத்துக்கு அதிக மரியாதை தருவது அந்த டின்தான். ஜனவரியில் பசுமைக்குடிலில் சிவந்த தக்காளியில் ஜனவரியும் இல்லை, ஆகஸ்டும் இல்லை. டின்னில் இருப்பது ஓர் ஆகஸ்ட்.

பிரான்செஸ்கோ சிரியோ 1856இல் தூரினில் பட்டாணியை டின்னில் அடைத்து இந்தத் தொழிலைத் தொடங்கினார். ஆனால் தெற்கே வீடுகளில் நடப்பது தொழில் இல்லை, அது குடும்ப விசேஷம். ஆகஸ்டில் ஒரு நாள் மாமன், மச்சான், பேரன், பேத்தி எல்லோரும் கூடுவார்கள். கூடை கூடையாகத் தக்காளி கழுவி, வேகவைத்து, இயந்திரத்தில் போட்டுத் தோலும் விதையும் நீக்கி, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு பேஸில் இலை போட்டு நிரப்புவார்கள். பாட்டில்கள் மோதி உடையாதிருக்கத் துணி சுற்றிப் பெரிய டிரம்மில் அடுக்கிக் கொதிக்க வைப்பார்கள். நம் ஊர் மாடியில் வடாம் பிழிகிற நாளின் அதே களேபரம், அதே அதட்டல். அடுத்த கோடை வரைக்குமான சாஸ் அன்று தயாராகிவிடும்.

சேமித்து வைக்க முடியாத நஷ்டங்களும் உண்டு. பூலியாவின் தென்கோடியான சலெந்தோவில் 2013இல் ஆலிவ் மரங்கள் நுனியிலிருந்து காய்வதற்கான காரணம் கண்டுபிடிக்கப்பட்டது: சைலெல்லா என்ற பாக்டீரியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் காபிச் செடியோடு நுழைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. பிடித்த மரத்துக்கு வைத்தியம் இல்லை. பல லட்சம் மரங்கள் போயின. நூற்றாண்டுகள் கண்ட மரங்கள், தாத்தாவின் தாத்தா காய் பறித்தவை. அவற்றில் பெரும்பாலானவை ஒல்யரோலா, செல்லினா என்ற உள்ளூர் ரகங்கள்.

அங்கே ஒரு பழைய பதார்த்தம் இருக்கிறது. காய்ந்த ஃபாவாவை வேகவைத்து, நம் பருப்புக் கடைசல் போலக் கடைந்து, பக்கத்தில் வேகவைத்த காட்டுக் கசப்புக் கீரையை வைப்பார்கள். அதன்மேல் காய்ச்சாத ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்ற வேண்டும். நவம்பரில் செக்கிலிருந்து வரும் புது எண்ணெய் பச்சையாக, தொண்டையில் மிளகு போல உறைக்கும். ஃபாவாவும் கீரையும் இப்போதும் விளைகின்றன. எண்ணெய்க்கு, நோயைத் தாங்கும் லெச்சினோ, ஃபவலோசா ரகக் கன்றுகளைச் செத்த மரங்களின் இடத்தில் நட்டிருக்கிறார்கள். அவை காய்க்கச் சில வருஷம் பிடிக்கும். அந்த எண்ணெயின் ருசி வேறு என்கிறார்கள் கிழவர்கள், தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டபடியே.