அவலாஞ்சியில் தோட்டாக் கணக்கு

சோமனூரில் துப்பாக்கி பற்றிப் பேச்சு வருவது தேர்தல் சமயத்தில்தான். உரிமம் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருவார்கள். மற்ற நாளெல்லாம் பாவு, ஊடை, கூலி உயர்வு, கரண்ட் பில். அதனால் பொங்கலுக்கு டென்வரிலிருந்து வந்திருந்த என் மச்சினன் தறிக் குடோனில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, எல்க் வேட்டைக்கு எந்தக் கேலிபர் வாங்கறதுன்னே தெரியலீங்க" என்றபோது, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

கொலராடோவில் அவனோடு வேலை பார்ப்பவர்கள் இலையுதிர் காலம் வந்தால் துப்பாக்கியோடு மலையேறுகிறவர்கள். இந்த முறை அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் .270 போதும் என்கிறாராம். இன்னொருவர் .300 மேக்னத்துக்குக் கீழே பேச்சே கிடையாது என்கிறாராம். நான் துப்பாக்கியைத் தொட்டவனில்லை. பழைய வேட்டைப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. "துப்பாக்கி அப்புறம் மாப்ள. அவ்வளவு பெரிய மிருகத்தை மொதல்ல கண்ணால பாரு" என்று சொல்லி, விடியும் முன்பே வண்டியை எடுத்தோம்.

எல்க் என்கிற பெரிய மான் நம் காடுகளில் கிடையாது. ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் கடமானைத்தான் எல்க் என்று எழுதி வைத்தார்கள். நுவரெலியா பக்கத்தில் எல்க் பிளெயின்ஸ் என்று ஒரு புல்வெளிக்கே பெயர். விலங்கியல்படி தப்பு, உருவத்தில் அவ்வளவு தப்பில்லை. வளர்ந்த ஆண் கடமான் 200 கிலோவிலிருந்து 300 கிலோ வரை நிற்கும். அமெரிக்க எல்க் ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ஆகவே மச்சினனுக்கு வேண்டிய பாடம் நீலகிரியிலேயே இருந்தது.

கருமத்தம்பட்டி தாண்டி அன்னூர் ரோட்டில் ஏறியதும் அவன் எண்களை அடுக்க ஆரம்பித்தான். .308, .30-06, 7 மில்லிமீட்டர், 12 போர். எது பெரியது, எது சிறியது என்று தலை சுற்றுகிறதாம். தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இதில் குழம்ப என்ன இருக்கிறது? 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதுதான் நூல் நம்பர். 40 சிட்டம் ஒரு பவுண்டு நின்றால் 40ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பழைய துப்பாக்கியின் போர் கணக்கும் அதே பவுண்டில் பிறந்ததுதான். குழலின் விட்டத்துக்குச் சரியாக வார்த்த ஈயக் குண்டு 12 சேர்ந்து ஒரு பவுண்டு என்றால் அது 12 போர். நான்கே குண்டில் பவுண்டு நிறைந்தால் 4 போர். அது பீரங்கிக்குத் தம்பி. "அட, இதைத்தானுங்க யாரும் சொல்லல" என்றான்.

கேலிபர் என்பது வேறு அளவு. குழலின் விட்டத்தை அங்குலத்தின் நூறில், ஆயிரத்தில் சொல்வது. .30 என்றால் சுமார் 7.62 மில்லிமீட்டர். .30-06 என்பதில் பின்னால் வரும் 06, அமெரிக்க ராணுவம் அந்தத் தோட்டாவை ஏற்ற 1906ஆம் ஆண்டு. .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. இரண்டிலும் பாயும் ரவை ஒரே பருமன், பின்னாலுள்ள மருந்துக்கூடுதான் நீளத்தில் வேறு. விட்டத்தை மட்டும் பார்த்துத் துப்பாக்கி வாங்குவது, நம்பரை மட்டும் கேட்டுவிட்டு முறுக்கைப் பார்க்காமல் நூல் வாங்குகிற வேலை. ரவையின் எடை, அது பாயும் வேகம், உடம்புக்குள் எப்படி விரிகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

மேட்டுப்பாளையத்தில் இட்லி, பர்லியாறில் இஞ்சி டீ, ஊட்டியில் நிற்கவே இல்லை. வழியெல்லாம் சாமுவேல் பேக்கரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1840களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் பண்ணை போட்டவர். யானைக்கு அவர் தூக்கியது 21 பவுண்டு எடையுள்ள ரைபிள், குண்டு மட்டும் நாலு அவுன்ஸ். அதே மனிதர் கடமானை நாய்களை விட்டுத் துரத்தி, ஓடைக்குள் மடக்கிக் கத்தியால் குத்திக் கொன்றிருக்கிறார். அதை வீரம் என்று அந்தக் காலம் மெச்சியது. எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் புரட்டும். ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

கருமருந்துக் காலத்தில் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட வழியில்லை. ஆகவே குண்டைப் பெரிதாக்கினார்கள். 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் .303க்கு மாறி, அதில் புகையில்லா மருந்தும் வந்த பிறகு மெல்லிய ரவை வேகமாகப் பாய்ந்து பழைய குண்டின் வேலையைச் செய்தது. ஜிம் கார்பெட் சிறிய .275 ரிக்பியையும் கையில் வைத்திருந்தார். நம் திம்பம், தாளவாடிப் பக்கம் சுற்றிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை விடவில்லை. ராணுவத் தோட்டா என்பதால் .303 இன்றும் இங்கே பொதுமக்களுக்குத் தடை. அதனால்தான் நம் ஊர் உரிமங்களில் .315 என்ற எண் அடிபடுகிறது.

ஊட்டிக்கு அப்பாலுள்ள அவலாஞ்சிக் காட்டுக்குள் சொந்த வண்டி போகாது. வனத்துறை வண்டியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினோம். அணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார். எதிர்ச் சரிவில், புல்வெளி முடிந்து சோலை தொடங்கும் விளிம்பில், ஓர் ஆண் கடமான். வயிற்றுக்குக் கீழே சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கழுத்து மயிர் ஈரத்தில் திரிதிரியாகத் தொங்கியது. இரண்டு காதும் தனித்தனியாகத் திரும்பின, ஒன்று எங்கள் பக்கம், ஒன்று மலைப் பக்கம். முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தரையில் ஓங்கி வைத்தது. வால் நிமிர்ந்தது.

"நூத்தம்பது கெஜம் இருக்குமுங்க மாமா" என்று மச்சினன் கிசுகிசுத்தான். எங்கே குறி வைப்பான் என்று கேட்டேன். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் நடுவில் என்று சரியாகவே சொன்னான். நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம்; இரண்டு கை அகலம் இருந்தால் அதிகம். அவன் சொல்லி முடிப்பதற்குள் அது ஒருமுறை கூவிவிட்டு இரண்டே எட்டில் சோலைக்குள் மறைந்தது. கிளைகூட அசையவில்லை.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உள்ள போயிட்டா நாம நுழையவே முடியாதுங்க சார். அடிபட்டுப் போனா அட்டைதான் கண்டுபிடிக்கும்." எல்லாக் கேலிபர் சண்டைக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு பயம்தான். அடிபட்ட மிருகம் கைக்கு எட்டாத இடத்தில் போய் நாள்கணக்கில் சாகக் கூடாது. அமெரிக்காவில் வேட்டை எழுத்தாளர்கள் ஜாக் ஓ'கானர் .270க்காகவும், எல்மர் கீத் கனத்த பெரிய ரவைக்காகவும் பத்திரிகைகளில் பல வருடம் மல்லுக்கட்டினார்கள். ஓ'கானர் சொன்னது: உதைக்காத துப்பாக்கியால்தான் நிதானமாகச் சுட முடியும். கீத் சொன்னது: குறி கொஞ்சம் தவறினாலும் எலும்பை உடைத்து உள்ளே போகிற ரவை வேண்டும். இரண்டு பேரும் பயந்தது அந்தச் சோலைக்குத்தான்.

சட்டமும் அதே இடத்தில்தான் கோடு போடுகிறது. கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 கேலிபர், விரியும் ரவை, அது 85 கிரெயினுக்குக் குறையாத எடை, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். நம் கடமானுக்கே நேரடியாகக் கேலிபர் எழுதிய சட்டமும் உலகத்தில் உண்டு. 1860களில் கப்பலேற்றிக் கொண்டுபோய் விட்ட கடமான்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் காடு முழுக்கப் பெருகிவிட்டன. அங்கே அதைச் சுடக் குறைந்தது .270, ரவை 130 கிரெயின். சிறிய மான்களுக்கு .243 போதும் என்கிற அதே சட்டம் கடமானுக்கு ஒரு படி ஏற்றி வைத்திருக்கிறது. கடமான் லேசில் விழாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நீலகிரியில் இந்தக் கேள்வி வேறு விதமாக முடிந்தது. 1877இல் வெள்ளைக்கார வேட்டைக்காரர்களே சங்கம் கூட்டினார்கள். 1879இல் நீலகிரிக்கென்று தனிச் சட்டம் வந்தது. சுடக் கூடாத பருவம், உரிமக் கட்டணம் எல்லாம் அதில் உண்டு. தங்கள் விளையாட்டுக்கு மான் மிஞ்ச வேண்டும் என்ற சுயநலம்தான். ஆனால் மிஞ்சியது. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991இல் அது இறுக்கப்பட்ட பிறகு வேட்டை என்ற பேச்சே ஒழிந்தது. அந்தப் பழைய சங்கம் இன்று வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாகப் பெயர் மாற்றிக்கொண்டு ஊட்டியில் இயங்குகிறது.

இறங்கும்போது மச்சினனுக்கு என் தீர்ப்பைச் சொன்னேன். .308 அல்லது .30-06, இரண்டில் எது தோளுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. ரவை 165 அல்லது 180 கிரெயின். 200 கெஜத்துக்கு அப்பால் நிற்கிற எதையும் கும்பிட்டு அனுப்பிவிடு. மேக்னத்தின் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவன் கையில் எந்த எண்ணும் பிரயோஜனமில்லை. 1949இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிக்காமல் கொலராடோவில் பொதுவாக உரிமம் வாங்க முடியாது. அவன் இன்னும் அதில் சேரவே இல்லை. துப்பாக்கியைவிட முதலில் அந்த வகுப்பு என்றேன். அன்னூர் வரும்வரை அவன் பதில் பேசவில்லை. பிறகு, "ஊர்ல சொல்லாதீங்க மாமா, அப்பாவுக்குத் தெரிஞ்சா வைவாங்க" என்றான்.

நம் பக்கத்திலும் மான் உண்டு. அவிநாசிப் பகுதியில் கௌசிகா நதி ஓரத்துக் காடுகளில் புள்ளிமான்கள் திரிகின்றன. மயிலும் பன்றியும் தோட்டத்தில் இறங்குகின்றன. பயிர் போகிற வலி தெரியாதவனில்லை நான். ஆனால் பன்றிக்கென்று வைக்கிற அவுட்டுக்காய் என்ற வெடி எதையும் தேர்ந்து கொல்வதில்லை. கடித்த மிருகத்தின் தாடை சிதைந்து, தின்ன முடியாமல் அலைந்து சாகும். ஆடு, நாய் கடித்தாலும் அதே கதிதான். உங்கள் ஊரில் யாராவது அதை வைப்பது தெரிந்தால் தயங்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.