சனிக்கிழமை ஓடிய ஓட்டம்



எங்கள் வீட்டு முன்மண்டபச் சுவரில் ஒரு மணிக்கூடு தொங்குகிறது. அது ஓடாமல் நின்று பல வருடங்களாகிவிட்டன. வெள்ளையடிக்கும்போதெல்லாம் "இதைக் கழற்றி வீசிவிடுவோமே" என்று மனைவி சொல்வாள். எனக்கு மனம் வருவதில்லை. 1994ஆம் ஆண்டு சித்திரை மாதம் நான் ஓடிப் பெற்ற பரிசு அது. பரிசு என்று சொல்லும்போதே என் நாக்குக் கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் மாவனல்லைப் பக்கம். சிங்கள ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் வேலிக்கு வேலி அடுத்தடுத்து இருக்கும். சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டால் ஊருக்கு ஊர் இளைஞர் கழகங்கள் விளையாட்டு விழா வைப்பார்கள். வழுக்கு மரம் ஏறுதல், தலையணைச் சண்டை, கயிறிழுத்தல் என்று மாலைவரை மைதானம் கலகலக்கும். எல்லாவற்றுக்கும் முதலில், காலையிலேயே நடப்பது மரதன் ஓட்டம். உண்மையான மரதன் 42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் கொண்டது. எங்கள் ஊர்களில் பத்துக் கிலோமீற்றர் ஓடினாலும் அதற்கு மரதன் என்றுதான் பெயர்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்தேன். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் இரண்டு முறை மரதனில் முதலாவதாக வந்தவன். என்னை யாரும் பிடிக்க முடியாது என்ற எண்ணம் தலைக்குள் ஏறியிருந்தது.

அந்த வருடம் இரண்டு ஓட்டங்கள் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. ஏப்ரல் 16ஆம் திகதி சனிக்கிழமை ஓர் ஊரில். 17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மற்றோர் ஊரில். சனிக்கிழமை ஓட்டத்துக்குப் பெரிய பரிசுகள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அந்த ஊர்க் கடை முதலாளி ஒருவர் முதற் பரிசாகப் புதுச் சைக்கிள் ஒன்று தருவதாக அறிவித்திருந்தார். அந்தச் சைக்கிளைக் கடை வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்தியும் வைத்திருந்தார்கள்.

அந்தச் சைக்கிள் எனக்கு ஏன் தேவைப்பட்டது தெரியுமா? என் வாப்பா வீடு வீடாகப் போய் மிளகும் கறாம்பும் வாங்கி, நகரத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். அவரிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. ராத்தாவின் கல்யாணத்தின்போது அதுவும் விலைபோயிற்று. அன்றிலிருந்து வாப்பா சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே போய்வந்தார். இரவில் உம்மா அவருடைய தோளில் எண்ணெய் தேய்த்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். "அந்தச் சைக்கிளை எடுத்து வாப்பாவிடம் கொடுக்க வேண்டும்" என்று உம்மாவிடம் மட்டும் சொல்லி வைத்தேன்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானாவும் அதைத்தான் கேட்டார். "ரெண்டையும் பிடிக்கப் போனா ரெண்டும் நழுவும். நாளைக்குப் பேசாம வீட்டில இரு" என்றார். ஆனால் என் மாமி மகன், சனிக்கிழமை ஓட்டத்தில் தான்தான் முதலாவது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அது என் காதில் விழுந்த பிறகு வீட்டிலிருக்க முடியுமா? "எனக்கு என்ன வயசா போச்சு நானா? ரெண்டு நாளும் ஓடுவேன்" என்றேன்.

சனிக்கிழமை ஓட்டம் கடுகண்ணாவையில் குடைந்த பாறைக்குப் பக்கத்தில் தொடங்கியது. அங்கிருந்து கண்டி வீதி வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. இறக்கத்தில் ஓடுவது எவ்வளவு சுகம்! கால் தானாகவே போகிறது, மூச்சு வாங்குவதில்லை. அடக்கி ஓட வேண்டும், மறுநாளுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று எண்ணித்தான் வந்தேன். இரண்டாவது வளைவில் மச்சான் என்னை முந்தினான். அத்தோடு அந்த எண்ணமெல்லாம் போய்விட்டது. கால் இருந்த வேகத்துக்கு விட்டேன்.

வழியில் ஒரு சிங்கள இளைஞன், என் வயதுதான் இருக்கும், கையில் தண்ணீர்க் கோப்பையுடன் நின்றான். "ஹெமின், மல்லி, ஹெமின்" என்றான். மெதுவாகப் போ தம்பி என்று அர்த்தம். தண்ணீரை வாங்கிக்கொண்டேன், சொன்னதை வாங்கிக்கொள்ளவில்லை.

மச்சானை வென்றேன். ஆனால் முதலாவது வந்தவர் வேறு ஒருவர். எனக்கு இரண்டாவது இடம். அதற்குக் கிடைத்ததுதான் இந்தச் சுவர் மணிக்கூடு.

அதன் பிறகு செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். உம்மா சோறும் பருப்பும் ஆக்கி வைத்துக் காத்திருந்தார். நானோ கூட்டாளிமாரோடு கடைக்குப் போய் பிளேன்டீயும் பணிஸும் சாப்பிட்டேன். மாலையில் இடியோடு மழை. மழை விட்டதும் கெரம் விளையாடப் போய், வீடு திரும்பும்போது நடுநிசி தாண்டிவிட்டது. படுக்கும்போதுதான் தொடைகளில் ஒரு கனம் தெரிந்தது. "விடிந்தால் சரியாகும்" என்று நினைத்துத் தூங்கிப்போனேன்.

விடிந்தது, சரியாகவில்லை. சுபஹ் தொழுகையில் சுஜூதிலிருந்து எழும்பத் தரையில் கையூன்ற வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் மூன்று படிகள்தான். அவற்றில் இறங்கச் சுவரைப் பிடித்தேன். நானா பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பாதை பதினான்கு கிலோமீற்றர். றப்பர்த் தோட்டத்துக்குள்ளால் ஏறி, வயல்வெளி வழியாக இறங்கி, மைதானத்துக்கு வர வேண்டும். தொடங்கும் இடத்தில் பார்த்தால், நேற்றுத் தண்ணீர் தந்த அதே இளைஞன் இலக்கம் குத்திக்கொண்டு நிற்கிறான்! அவன் சனிக்கிழமை ஓடவில்லை. என்னைக் கண்டு சிரித்தான்.

முதல் ஐந்து கிலோமீற்றரும் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடினேன். உடம்பு சூடானதும் வலி மரத்துப்போனது. "பார்த்தீர்களா நானா" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒன்பதாவது கிலோமீற்றர் இருக்கும், வயல் பக்கம் இறங்கும் இடத்தில் தொடை இரண்டும் மரக்கட்டைபோல் ஆயின. கண் மங்கியது. கையைக்கூட வீச முடியவில்லை. என்னைத் தாண்டிப் போனவர்களை முதலில் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். நடந்தும் ஓடியும் மைதானத்தை அடைந்தபோது ஒன்பதாவது ஆள் நான். சைக்கிளில் அந்த இளைஞன் ஏறி உட்கார்ந்திருந்தான். அவனுடைய தாய் பின்னால் நின்று ரிப்பனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் தாங்கியிருப்பேன். கூட்டத்துக்குள் சாக்கும் கையுமாக வாப்பா நின்றார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. உம்மா சொல்லியிருக்கிறார் போலும். அந்தச் சைக்கிளை அவர் ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "காலையில் ஏதும் சாப்பிட்டியா மகன்?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று கிலோமீற்றர் இருவரும் நடந்தே வீடு வந்தோம். எப்போதும் வேகமாக நடக்கிற வாப்பா, நான் நொண்டுவதைக் கண்டு நடையைக் குறைத்துக்கொண்டார். சாக்கை நான் வாங்கப் போனேன், தரவில்லை. அன்று பின்னேரம் அவரே ஆணியடித்து மணிக்கூட்டைச் சுவரில் மாட்டினார். அதன் பிறகும் ஒன்றரை வருடம் நடந்தே வியாபாரம் செய்தார். 2009இல் மௌத்தாகும்வரை அந்த ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று என் உடம்புக்கு என்ன நடந்தது என்பது பின்னாளில் வாசித்தபோதுதான் விளங்கியது. உங்கள் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

நாம் உண்ணும் சோறு, பாண் முதலியவற்றின் மாச்சத்தில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்ற பொருளாகத் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. வேகமாக ஓடும்போது உடம்பு பெரும்பாலும் அதைத்தான் எரிக்கிறது. அந்தச் சேமிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டால், நன்றாகச் சாப்பிட்டாலும் மறுபடி நிரம்பச் சுமார் ஒரு நாள் ஆகும். நானோ அதை இறைத்துவிட்டு, பணிஸும் தேநீரும் குடித்து, தூக்கத்தையும் கெடுத்தேன்.

அடுத்தது தொடை வலி. வலிக்குக் காரணம் லக்ரிக் அமிலம் என்றுதான் அன்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது சரியல்ல. ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இறக்கத்தில் ஓடும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அப்போது தசை நார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அதன் வலி உடனே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். எனக்குச் சுகமாயிருந்த அந்த இறக்கம்தான் என்னை வீழ்த்தியது.

இரண்டு நாளும் ஓடவே முடியாது என்பதல்ல. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் சனிக்கிழமை நீண்ட தூரம் ஓடி, அந்தக் களைப்போடே ஞாயிற்றுக்கிழமையும் ஓடிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆனால் அதைக் கிழமைக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். இறக்கத்தில் பழகிய தசைக்கு அடுத்த தடவை சேதமும் குறைவு. நான் பழகவுமில்லை, அடக்கவுமில்லை.

இதையெல்லாம் மறந்திருந்த என்னை 2024 ஓகஸ்ட் 11ஆம் திகதி மறுபடி நினைக்க வைத்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன். நமக்கு அப்போது முற்பகல் பதினொன்றரை மணி. என் மகளும் நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். சிபான் ஹசன் ஓடினார். எத்தியோப்பியாவில் பிறந்து, பதினைந்து வயதில் அகதியாக நெதர்லாந்து போன பெண் அவர். ஓகஸ்ட் 5ஆம் திகதி 5,000 மீற்றரில் வெண்கலம், 9ஆம் திகதி இரவு 10,000 மீற்றரில் வெண்கலம். அதன் பிறகு சுமார் 35 மணித்தியாலம்தான் இடைவெளி, மரதன் தொடங்கிவிட்டது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்த மூன்று ஓட்டங்களையும் வென்ற எமில் சற்றோபெக்குக்குக்கூட, 5,000 மீற்றருக்கும் மரதனுக்கும் இடையில் மூன்று நாட்கள் கிடைத்தன.

"வாப்பா, இவங்க ஏன் எப்பவும் பின்னுக்கே ஓடுறாங்க?" என்று மகள் கேட்டாள்.

உண்மைதான். முன்வரிசைக் கூட்டத்தின் வாலிலேயே ஹசன் ஓடிக்கொண்டிருந்தார். ஏற்றங்களில் மற்றவர்கள் வேகம் கூட்டியபோதும் அவசரப்படவில்லை. கடைசிச் சில நூறு மீற்றரில்தான் தன் வேகத்தை வெளியே எடுத்தார். எத்தியோப்பியாவின் திகிஸ்த் அசெபாவை மூன்றே செக்கன்களில் வென்றார். நேரம் 2 மணி 22 நிமிடம் 55 செக்கன், ஒலிம்பிக் சாதனை. அன்றிரவு நிறைவு விழாவில் ஹிஜாப் அணிந்து வந்து தங்கப் பதக்கத்தைப் பெற்றார். ஓடும்போது, முந்திய இரண்டு போட்டிகளிலும் ஏன் ஓடினேன் என்று வருந்தியதாக அவரே பின்னர் சொன்னார். அவ்வளவு பெரிய வீராங்கனைக்கே அந்த வருத்தம் வந்திருக்கிறது.

மகளின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சுவரைக் காட்டி, மணிக்கூட்டின் கதையைச் சொன்னேன். முப்பது வருடங்களில் வீட்டில் யாருக்கும் அதை முழுதாகச் சொன்னதில்லை. மகள் கேட்டுவிட்டு, "அந்தப் பையனுக்கும் வீட்டில சைக்கிள் தேவையாத்தானே இருந்திருக்கும் வாப்பா" என்றாள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

வாசகர்களே, உங்கள் பிள்ளையும் ஒருநாள் இரண்டு நாள் ஓட்டத்துக்குப் புறப்படலாம். தடுக்காதீர்கள். எந்த நாள் உனக்கு முக்கியம் என்று முதலில் கேளுங்கள். முதல் நாள் முடிந்த கையோடு சோறு கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீரும் கொஞ்சம் உப்பிட்ட கஞ்சியும் கொடுங்கள். நேரத்தோடு தூங்க வையுங்கள். காய்ச்சலோடு ஓட விடாதீர்கள். கடுமையாக ஓடிய பிறகு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஓட்டத்துக்கு மட்டும்தானா இது? கல்யாண வீட்டில் முதல் நாளே எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு, வலீமா அன்று எழும்ப முடியாமல் படுத்துவிடும் எத்தனை தாய்மாரைப் பார்த்திருக்கிறோம்! முதல் பரீட்சைக்கு விடிய விடியப் படித்துவிட்டு, மறுநாள் வினாத்தாளுக்கு முன்னால் தூங்கி விழும் பிள்ளைகளும் நம் வீடுகளில்தானே இருக்கிறார்கள்?

போன கிழமை மகள் மணிக்கூட்டுக்குப் புதிய பற்றரி வாங்கி வந்து போட்டுப் பார்த்தாள். அது ஓடவில்லை. பரவாயில்லை என்றேன். தூசி தட்டி, வாப்பா அடித்த அதே ஆணியில் திரும்ப மாட்டினேன்.